விடுபட்டவர் எங்கே குடியிருந்தார்?

(அடிமைமுறை ஒழிப்பின் வரலாற்றைத் தேடித் திருப்பயணம் புறப்படவிருந்த கிறிஸ்தவக் குழுவினரிடையே வெள்ளானூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆவணி பிறந்தால் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களை நமக்குத் தெரியும். பரங்கிமலைப் படியேறிப் போகிறவர்களையும் தெரியும். நீங்கள் புறப்படுவது வேறு மாதிரியான பயணம். உங்கள் வழியில் அற்புதம் நடந்த இடம் என்று ஒன்றும் கிடையாது. மனிதரை மனிதர் விலைக்கு விற்ற ஒரு துறைமுகம், அந்த வணிகத்தில் கை நனைத்தவர் திருமணம் செய்துகொண்ட ஒரு கோயில், நிலமற்றவர்களுக்காக மனு எழுதிய ஒரு மிஷன் வளாகம், இன்றைக்கும் குடும்பம் குடும்பமாக ஆட்கள் மீட்கப்படுகிற அரிசி ஆலைகளும் செங்கல் சூளைகளும். இவை எதற்கும் நீங்கள் விமானம் ஏற வேண்டியதில்லை. ஒவ்வொன்றும் வெள்ளானூரிலிருந்து காலையில் வேன் எடுத்தால் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுகிற தூரத்தில்தான் இருக்கிறது.

இப்படிப்பட்ட பயணத்தில் ஓர் ஆபத்து உண்டு. அடிமைமுறை ஒழிந்த கதையைப் பெரும்பாலும் ஒரு தேதியாகச் சொல்லி முடித்துவிடுவார்கள். இன்ன ஆண்டில் இன்ன சட்டம் வந்தது, நல்லவர்கள் வென்றார்கள், ஜெபம் செய்து கலைவோம் என்று. நான் உங்களிடம் இரண்டு கேள்விகளைக் கொடுத்து அனுப்புகிறேன். போகிற இடமெல்லாம் அவற்றைக் கேளுங்கள். விடுபட்டவர் அன்றிரவு எங்கே படுத்தார்? அவர் கடன் யார் கணக்கில் இருந்தது? இந்த இரண்டுக்கும் பதில் கிடைக்காத இடத்தில் விடுதலை பாதியில் நிற்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் அதற்கான சாட்சி.

முதலில் பழவேற்காடு. செங்குன்றம், பொன்னேரி வழியாகப் போவீர்கள். போர்ச்சுகீசியர் காலத்திலிருந்து வரும் மகிமை மாதா ஆலயம் அங்கே இருக்கிறது. அவர்களுக்குப் பின் வந்த டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் நெடுங்காலம் அதுதான். கோட்டை இன்று மண்மேடும் முள்செடியுமாகக் கிடக்கிறது. பார்க்க வேண்டியது கல்லறைத் தோட்டம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வாசலின் இரண்டு பக்கமும் எலும்புக்கூட்டு உருவம் செதுக்கிய கல் நிற்கும். உள்ளே போனால் கருங்கல் பலகைகளில் டச்சு எழுத்து, குடும்பச் சின்னம், பூவேலை, இறந்தவரின் பெயர், பதவி, நாள். நானூறு ஆண்டு உப்புக்காற்றிலும் பல எழுத்துகள் கை வைத்துத் தடவிப் பார்க்கிற அளவுக்குத் தெளிவாக இருக்கின்றன.

இந்தக் கரையிலிருந்து கப்பலில் ஏற்றப்பட்டவர்களில் ஒருவருக்குக்கூட அங்கே கல் கிடையாது. டச்சுக் கம்பெனியின் தோட்டங்களுக்கும் கோட்டைகளுக்கும் கட்டட வேலைகளுக்கும் ஆள் தேவைப்பட்டது. பத்தாவியா என்று அவர்கள் பெயரிட்ட இன்றைய ஜகார்த்தாவுக்கும் இலங்கைக்கும் மலாக்காவுக்கும் சோழமண்டலக் கரையிலிருந்து ஆட்களைக் கொண்டுபோனார்கள். 1645-46 பஞ்சத்தில் 2,118 பேர் பத்தாவியாவுக்கு அனுப்பப்பட்டதாகக் கம்பெனி ஆவணங்களை ஆராய்ந்தவர்கள் எழுதுகிறார்கள். 1659 முதல் 1661 வரை தஞ்சைச் சீமை போராலும் பஞ்சத்தாலும் பாழான காலத்தில் 8,000 முதல் 10,000 பேர் வரை போயிருக்கலாம் என்பது அவர்கள் மதிப்பீடு. எண்ணிக்கை ஏறி இறங்குவதைக் கவனியுங்கள். மழை பொய்த்த ஆண்டில் ஏறுகிறது, விளைந்த ஆண்டில் இறங்குகிறது. விலங்கு மாட்டுவதற்கு முன்னால் பசி மாட்டியிருக்கிறது. அரிசிக்காகத் தன்னை விற்றவர்களும் பிள்ளையை விற்றவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

அந்தக் கோட்டையில் ஒரு போதகரும் இருந்தார். ஆபிரகாம் ரொஜேரியஸ். 1632 முதல் பத்தாண்டு பழவேற்காட்டில் ஊழியம் செய்தார். பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, இந்த நாட்டுச் சமயத்தையும் பழக்கவழக்கங்களையும் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1651-ல் ஹாலந்தில் அச்சானது. ஐரோப்பியர் இந்து சமயத்தைப் பற்றி எழுதிய தொடக்ககால நூல்களில் அதற்குப் பெரிய இடம் உண்டு. அயலாரின் நம்பிக்கையை இவ்வளவு பொறுமையாகக் கேட்டு எழுதிய மனிதரின் காலத்தில்தான் அவர் கம்பெனியின் கப்பல்கள் அடிமைகளையும் ஏற்றின. ஞாயிறு ஆராதனையும் அந்தச் சரக்கும் ஒரே கம்பெனியின் நிழலில் நடந்தன. இதை நான் ரொஜேரியஸைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காகச் சொல்லவில்லை. பக்தியும் படிப்பும் இருந்தால் போதும், கண் தானாகத் திறந்துவிடும் என்று நாம் நினைக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

அடுத்தது புனித ஜார்ஜ் கோட்டை. அங்கே உள்ள புனித மரியாள் ஆலயம் 1680 அக்டோபர் 28 அன்று அர்ப்பணிக்கப்பட்டது. அடுத்த வாரமே, நவம்பர் 4 அன்று, அங்கே ஒரு திருமணம். மணமகன் எலிஹு யேல். 1687-ல் கோட்டையின் கவர்னரானவர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தவர். அவர் கவர்னராக இருந்த காலத்தில் பஞ்சம் வந்தது, ஆள் மலிவானது. 1687-ல் ஒரே மாதத்தில் குறைந்தது 665 பேர் கோட்டையிலிருந்து ஏற்றுமதி செய்யப்பட்டார்கள். ஐரோப்பாவுக்குப் போகும் ஒவ்வொரு கப்பலும் செயின்ட் ஹெலினா தீவுக்குப் பத்து அடிமைகளையாவது ஏற்றிச் செல்ல வேண்டும் என்ற உத்தரவும் அவர் தலைமையில் இருந்த மன்றத்தினுடையது. 1688-ல் அதே மன்றம் ஏற்றுமதியைத் தடை செய்தது. கோல்கொண்டாவை அப்போதுதான் பிடித்திருந்த முகலாய அதிகாரத்தின் எதிர்ப்பு அதற்கு ஒரு காரணம். தடைக்குப் பின்னும் கடத்தல் நின்றுவிடவில்லை. நூறு ஆண்டு கழித்து, 1790-ஐ ஒட்டி, ஆங்கிலக் கம்பெனி அரசு மறுபடியும் தடை அறிவிக்க வேண்டியிருந்தது என்பதே அதற்குச் சாட்சி. யேல் பல்கலைக்கழகம் தன் வரலாற்றை ஆராய்ந்து 2024 பிப்ரவரியில் மன்னிப்புக் கேட்டது. நம்மூர்க் கோட்டையில் தொடங்கிய ஒரு கணக்குக்கு அமெரிக்காவில் பதில் சொல்கிறார்கள். இங்கே அந்த ஆலயத்துக்குப் போய்வருகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இனி இங்கிலாந்து. இந்த வரலாறு என்றதும் எல்லோரும் சொல்லும் பெயர் வில்லியம் வில்பர்ஃபோர்ஸ். 1807-ல் அடிமை வணிகத்தைத் தடை செய்த சட்டத்துக்காக இருபது ஆண்டு மல்லுக்கு நின்றவர். 1813-ல் கிறிஸ்தவ மிஷனரிகள் இந்தியாவுக்குள் வர வழி திறந்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. அவர் பெயரோடு, தாமே அடிமையாயிருந்து விடுதலை பெற்று நூல் எழுதிய ஒலாடா எக்வியானோவின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2007-ல் அந்தச் சட்டத்தின் இருநூறாம் ஆண்டில் இங்கிலாந்துக் கிறிஸ்தவர்கள் சிலர் வில்பர்ஃபோர்ஸின் ஊரான ஹல்லிலிருந்து லண்டன் வரை, ஏறக்குறைய 250 மைல், கழுத்தில் நுகத்தடியும் கையில் சங்கிலியுமாக நடந்தார்கள். வெள்ளையர்கள் சங்கிலி மாட்டிக்கொண்டு, மன்னியுங்கள் என்று எழுதிய சட்டை போட்டு நடந்த காட்சி பலரை அழவைத்தது. உங்கள் பயணத்துக்கு அது ஒரு முன்மாதிரி.

ஆனால் அந்தக் கதையின் இன்னொரு பக்கம் நம் வீட்டுக்குள் வருகிறது. கரீபியக் கடலில் பார்படோஸ் தீவில் காட்ரிங்டன் என்ற கரும்புத் தோட்டம். அதன் சொந்தக்காரர் 1710-ல் இறந்தபோது உயில் வழியாகத் தோட்டமும் அதன் அடிமைகளும் ஒரு மிஷனரிச் சங்கத்துக்குப் போயின. நற்செய்தி பரப்பும் சங்கம் என்று நாம் சொல்லும் எஸ்.பி.ஜி. சொசைட்டி, அதாவது சங்கம், என்ற சொல்லைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் அடிமைகளின் மார்பில் சூடு போட்டார்கள். 1833-ல் அடிமை ஒழிப்புச் சட்டம் வந்தபோது அரசாங்கம் 2 கோடி பவுன் நஷ்டஈடு ஒதுக்கியது. அத்தனையும் உடைமையாளர்களுக்கு. அடிமைகளுக்குச் சல்லிக்காசு இல்லை. எஸ்.பி.ஜி.யும் 411 பேருக்காக 8,823 பவுன் வாங்கிக்கொண்டது. இதே எஸ்.பி.ஜி. 1820-களிலிருந்து தமிழகத்தில் வேலை செய்தது. இடையன்குடியில் கால்டுவெல் பணியாற்றியது இந்தச் சங்கத்தின் ஊழியராகத்தான். 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அந்த மரபும் அதில் கலந்தது. இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுப்பேரவை 2006 பிப்ரவரியில் காட்ரிங்டனுக்காக மன்னிப்புக் கேட்டது. நம் பள்ளிக்கூடத்துக்கு வந்த சுண்ணாம்பில் அந்தக் கரும்பின் காசு எவ்வளவு என்று எடுத்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே சங்கத்துடையவை என்பது மட்டும் தெரியும்.

1833 சட்டத்தைப் பற்றி இன்னொன்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்கும் இலங்கைக்கும் செயின்ட் ஹெலினாவுக்கும் அது செல்லாது என்று எழுதிவைத்தார்கள். மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை விடுபட்டார், செங்கல்பட்டில் விடுபடவில்லை. திருவள்ளூர் மாவட்டமும் அன்று செங்கல்பட்டுக்குள் அடங்கியதுதான்; 1997-ல்தான் பிரிந்தது. ஆகவே செங்கல்பட்டு என்று நான் சொல்லும்போது இந்த ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கத்துக் கிராமங்களையும் சேர்த்தே நினைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே அடிமைமுறை கப்பலில் வந்ததல்ல. ஏரிக்கரையிலேயே இருந்தது. நிலத்தின் மிராசு உரிமை ஒரு சில சாதிகளிடம். உழுது, நாற்று நட்டு, ஏரி மதகு காத்தவர்கள் சேரியில். நிலம் கைமாறினால் ஆளும் கைமாறுவார். கலெக்டர்களிடம் வருவாய் வாரியம் 1819-ல் இதைப் பற்றி விசாரித்தது, பதில்களும் வந்தன. நெல் வரி கெட்டுப்போகும் என்ற பயத்தில் அரசு கை வைக்கவில்லை. இங்கிலாந்தில் அடிமை எதிர்ப்புச் சங்கத்தார் விடாமல் நெருக்கிய பிறகு 1843 ஏப்ரல் 7 அன்று ஐந்தாம் சட்டம் வந்தது. நான்கே பிரிவு. அரசு அதிகாரி யாரையும் அடிமையாக ஏலம் விடக்கூடாது. அடிமை என் சொத்து என்று நீதிமன்றத்தில் யாரும் வழக்காட முடியாது. அடிமை என்ற காரணத்தால் ஒருவர் சம்பாதித்ததைப் பிடுங்க முடியாது. சுதந்திர மனிதருக்குச் செய்தால் குற்றமாவது அடிமைக்குச் செய்தாலும் குற்றம்.

நல்ல சட்டம். ஆனால் அடிமையை வைத்திருப்பது குற்றம் என்று அதில் இல்லை. அது 1862-ல் இந்திய தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகுதான். விடுபட்டேன் என்று சேரியில் ஒருவரும் கூத்தாடியதாகத் தெரியவில்லை. அதற்குள் 1859-ல் வேறொரு சட்டம் வந்தது. முன்பணம் வாங்கிய வேலையாள் வேலையை விட்டுப் போனால் அவரைத் தண்டிக்கலாம் என்றது. முதலில் சென்னை போன்ற தலைநகரங்களுக்கென்று வந்த அந்தச் சட்டம் 1920-களின் நடுவில்தான் நீங்கியது. ஆளைச் சொத்து என்று சொல்ல முடியாமல் போன பதினாறாம் ஆண்டில், வாங்கிய முன்பணத்தைக் காட்டி ஆளைப் பிடிக்க வழி செய்துவிட்டார்கள்.

இப்போது என் முதல் கேள்விக்கு வாருங்கள். 1843-க்குப் பிறகு அந்தப் பண்ணையாள் எங்கே படுத்தார்? அதே குடிசையில். குடிசையின் ஓலையும் மூங்கிலும் அவருடையவை. மனை மிராசுதாருடையது. கூலி போதவில்லை என்று பக்கத்து ஊர்ப் பண்ணைக்குப் போக நினைத்தால் கூரையைப் பிரித்து எடுத்துக்கொண்டு போகலாம். வைக்க மண் கிடையாது. தரிசு நிலத்துக்குத் தரக்காஸ்து மனு போட்டால் மிராசுதாருக்கே முன்னுரிமை. மகன் கல்யாணத்துக்கு வாங்கிய சொற்பக் கடனுக்குத் தன்னையும் பிள்ளைகளையும் ஈடு வைத்து எழுதிக்கொடுத்த பத்திரங்கள் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் எழுதப்பட்டன. சட்டம் ஒழித்ததை வீட்டுமனையும் கடன்பத்திரமும் காப்பாற்றிக்கொடுத்தன.

இதைக் கண்டுகொண்டவர்கள் யார் என்று பார்க்கத்தான் இக்காட்டுக்குப் போகிறீர்கள். திருவள்ளூருக்கு அருகில் வெஸ்லியன் மிஷன் வளாகம். 1880-களில் வந்த வில்லியம் கௌடி அங்கிருந்து சேரிகளுக்கு நடந்தார். செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து சுதந்திரத் திருச்சபையின் ஆடம் ஆண்ட்ரூ. இவர்கள் ஞானஸ்நானக் கணக்கோடு நிற்கவில்லை. வீட்டுமனை இல்லை, தரிசு கேட்டால் கிடைக்கவில்லை, கேட்டவன் குடிசையை இழக்கிறான் என்று அரசுக்கு எழுதினார்கள், பத்திரிகையில் எழுதினார்கள். மிஷனரிகள் மிகைப்படுத்துகிறார்கள் என்று அதிகாரிகள் சிலர் முணுமுணுத்தார்கள். அப்போது செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த ட்ரெமன்ஹீர் ஊர் ஊராக விசாரித்து 1891-ல் அறிக்கை கொடுத்தார். மிஷனரிகள் சொன்னதன் சாரம் உண்மை என்று அது காட்டியது. 1892 செப்டம்பர் 30 அன்று 1010-ஆம் எண் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதிலிருந்து பிறந்தது. தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கிய நிலத்தைப் பத்தாண்டு விற்கக் கூடாது, பிறகு விற்றாலும் அவர்களுக்குள்தான் விற்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆண்ட்ரூ மெல்ரோசாபுரத்தில் விவசாயக் குடியிருப்பு ஒன்றையும் ஏற்படுத்தினார்.

மிஷனரிகள் கொடுத்தார்கள், சேரி வாங்கிக்கொண்டது என்று மட்டும் இதைச் சொல்லாதீர்கள். இதே செங்கல்பட்டுச் சீமையில் மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1891-ல் பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார்; 1893-ல் பறையன் என்ற பத்திரிகையை நடத்தினார். அயோத்திதாசர் தம் வழியில் எழுதிக்கொண்டும் அமைப்புக் கட்டிக்கொண்டும் இருந்தார். மனு எழுதக் கை நீட்டியவர்கள் மிஷன் வளாகத்தில் இருந்தார்கள். அடி வாங்கிக்கொண்டும் விலகாமல் சாட்சி சொன்னவர்கள் சேரியில் இருந்தார்கள்.

அந்த நிலம் என்ன ஆயிற்று? பெரும்பகுதி வேறு கைகளுக்குப் போனது. நூறாண்டு கழித்து, 1994-ல், செங்கல்பட்டுக்கு அருகே காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியவர்கள் மேல் போலீஸ் சுட்டது. அக்டோபர் 10. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள். ஒருவர் பெயர் ஜான் தாமஸ் என்பதைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். நம் திருச்சபைகளின் தியாகிகள் பட்டியலில் அவர் பெயரை நான் பார்த்ததில்லை.

திருச்சபைக்குள்ளேயும் பாருங்கள். இங்கிலாந்தில் அடிமை ஒழிப்புச் சட்டம் வந்த அதே 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். வேப்பேரியில் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் பலர் சபையை விட்டு வெளியேறினார்கள். இன்றைக்கும் தனிக் கல்லறை, தனித் தேர், தனி வரிசை என்று சண்டை நடக்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. திருவிதாங்கூரில் லண்டன் மிஷன்காரர்கள் 1847-ல் மகாராஜாவிடம் மனுக் கொடுத்து, 1855-ல் அடிமைகளை விடுவிக்கும் அறிவிப்பு வந்ததை நாகர்கோவில் பக்கத்தில் பெருமையாகச் சொல்வோம். சொல்லலாம். அந்த அறிவிப்புக்குப் பின் நிலம் யாரிடம் இருந்தது என்றும் கேட்க வேண்டும்.

கடைசியாக, உங்களுக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் இடம். இந்த ஊரிலிருந்து செங்குன்றத்துக்குப் போகும் பேருந்தில் நீங்கள் தினம் போகிறீர்கள். சென்னைக்கு அரிசி அனுப்பும் ஆலைகள் அங்கே நிறைய. அதே வட்டாரத்தில் சூளைகளும் இருக்கின்றன. ஆலைகளிலிருந்து கொத்தடிமைகளாக மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் இருளர்கள். சூளைகளில் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். அதிகாரிகள் முன் அவர்கள் கொடுத்த வாக்குமூலங்களைப் படித்தால் ஊர் மாறும், பெயர் மாறும், கதை மாறாது. கணவனும் மனைவியும் ஆலைக்குள்ளேயே ஓர் அறையில் இருப்பார்கள். நெல்லைத் தொட்டியில் ஊறவைத்து நடுச்சாமத்தில் எழுந்து அவிப்பார்கள். விடியும் முன் களத்தில் கொட்டிப் பரப்புவார்கள். வெயில் ஏற ஏறக் காலால் துழாவித் திருப்பிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மழை மேகம் தெரிந்தால் ஓடிப்போய்க் குவித்துத் தார்ப்பாய் போட வேண்டும். நெல் காய்ந்த அளவுக்கு மூட்டைக் கணக்கில் கூலி. அதில் அட்வான்ஸுக்குக் கழிவு. கழித்துக் கழித்தும் அட்வான்ஸ் குறையாது, ஏனென்றால் கணக்கு நோட்டு முதலாளியிடம். இவர்களுக்குப் படிக்கத் தெரியாது. ஒரு சாவுக்குப் போக வேண்டுமென்றால் ஒருவர் போகலாம், மற்றவர் இருக்க வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மறுபடியும் கடன்.

சூளையில் இன்னொரு விதம். ஒடிசாவின் மேற்கு மாவட்டங்களில் நுவாகாய் அறுவடைப் பண்டிகை முடியும் நேரத்தில் கையில் காசில்லாத குடும்பங்களுக்குத் தரகர் முன்பணம் கொடுப்பார். பொங்கலை ஒட்டி ரயிலேறி வருவார்கள். மண் குழைத்து, கல் அறுத்து, காயவைத்துத் திருப்பிப் போட்டு, ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. மழை தொடங்கும் வரை அவர்கள் உலகம் அந்தச் சூளைதான். 2011-ல் சென்னைக்கு அருகே ஒரே சூளையிலிருந்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். பழவேற்காட்டில் பஞ்சம் செய்த வேலையை இங்கே முன்பணம் செய்கிறது.

இதற்கும் சட்டம் உண்டு. கொத்தடிமைத் தொழில்முறை ஒழிப்புச் சட்டம், 1976. பிப்ரவரி 9-ஐ நம் அரசு கொத்தடிமை ஒழிப்பு நாளாகக் கடைப்பிடிப்பது அதனால்தான். 1843 சட்டம் விட்ட ஓட்டையை இந்தச் சட்டம் எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள் என்று நினைக்கிறேன். கொத்தடிமை விடுபடுகிறார் என்பதோடு அவருடைய கடனும் ரத்தாகிறது என்கிறது. குடியிருக்கும் மனையிலிருந்து அவரை வெளியேற்றக் கூடாது என்கிறது. கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பைக் கடன் கொடுத்தவர் தலையில் வைக்கிறது. என் இரண்டு கேள்விகளுக்கும் சட்டப் புத்தகத்தில் பதில் இருக்கிறது.

நடைமுறையில்? உச்ச நீதிமன்றம் அமைத்த ஆணையர்களான சிராஜ் சேட், ஃபெலிக்ஸ் சுகிர்தராஜ் இருவரும் 1995-ல் தமிழ்நாட்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கொத்தடிமைகள் இருப்பதாக அறிக்கை கொடுத்தார்கள். அரசு அதை ஏற்கவில்லை. மிகச் சிறிய எண்ணிக்கையையே ஒப்புக்கொண்டது. மீட்கப்பட்டவருக்கு வருவாய்க் கோட்டாட்சியர் விடுவிப்புச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். அந்தத் தாள் இல்லாவிட்டால் உதவி எதுவும் கிடையாது. மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் வளர்ந்த ஆணுக்கு 1 லட்சம் ரூபாய், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், மிகக் கொடிய நிலையில் இருந்தவர்களுக்கு 3 லட்சம் என்று எழுதியிருக்கிறது. ஆனால் முழுத் தொகையும் வழக்கின் முடிவோடு கட்டப்பட்டிருக்கிறது. உடனடியாகக் கிடைப்பது 30,000 ரூபாய் வரை. வழக்கு ஆண்டுக்கணக்கில் நடக்கும். அதுவரை அந்தக் குடும்பம் ஏரிப் புறம்போக்கில் பட்டா இல்லாத குடிசையில் இருக்கும். ஒரு பிரசவமோ ஒரு சாவோ வந்தால் அட்வான்ஸ் கொடுக்க யாராவது வாசலில் நிற்பார். மீட்கப்பட்டவர் திரும்பவும் சிக்குவது இப்படித்தான்.

வேதாகமம் தெரிந்த உங்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. இணைச்சட்டம் என்றும் உபாகமம் என்றும் சொல்லும் நூலின் 15-ஆம் அதிகாரத்தை இன்றிரவு எடுத்துப் பாருங்கள். அடிமையை விடுவிக்கும்போது வெறுமனே அனுப்பாமல், மந்தையிலிருந்தும் களத்திலிருந்தும் ஆலையிலிருந்தும் எடுத்துக் கொடுக்கச் சொல்கிறது. லேவியர் 25-ல் யூபிலி ஆண்டில் ஆளும் திரும்ப வேண்டும், நிலமும் திரும்ப வேண்டும். பிலேமோனுக்கு எழுதிய சின்னக் கடிதத்தில் பவுல், ஒனேசிமுவைச் சகோதரனாக ஏற்கச் சொல்வதோடு, அவன் கடனைத் தன் கணக்கில் எழுதச் சொல்கிறார். மூன்று இடத்திலும் விடுதலையோடு நிலமோ தானியமோ கடன் தீர்வோ சேர்ந்தே வருகிறது.

ஆகவே போய் வாருங்கள். சில விஷயங்கள் மட்டும் கேட்டுக்கொள்கிறேன். சூளை வாசலில் நின்று செல்ஃபி எடுக்காதீர்கள். மீட்கப்பட்டவர்களை மேடையேற்றி அழச்சொல்லிக் கேட்காதீர்கள். அவர்கள் உங்கள் பயணத்தின் காட்சிப்பொருள் அல்ல. பழவேற்காட்டில் கல்லறைகளைப் பார்த்த பிறகு கடற்கரையில் ஐந்து நிமிடமாவது பெயரில்லாதவர்களுக்காக ஜெபியுங்கள். இக்காட்டில் கௌடியின் நினைவுக்கு மாலை போட்டால், அவர் யாருக்காக மனு எழுதினாரோ அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இன்று பட்டா இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

திரும்பி வந்த பிறகுதான் உண்மையான வேலை. உங்கள் சபை அடுத்து கட்டப்போகும் மண்டபத்துக்குச் செங்கல் எந்தச் சூளையிலிருந்து வருகிறது, அங்கே கூலி யார் கையில் கொடுக்கப்படுகிறது என்று கட்டடக் குழுவில் ஒருவர் எழுந்து கேளுங்கள். அசன விருந்துக்கு அரிசி வாங்கும் ஆலையைப் பற்றியும் கேளுங்கள். 1976 சட்டப்படி மாவட்டத்திலும் கோட்டத்திலும் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும். உங்களில் படித்த இருவர் அது கூடுகிறதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று தெரியவந்தால் நீங்களே போய்க் கதவைத் தட்டாதீர்கள். கலெக்டருக்கும் கோட்டாட்சியருக்கும் எழுத்தில் கொடுங்கள். விடுவிப்புச் சான்றிதழ் வாங்கிய ஒரு குடும்பத்தை உங்கள் சபை தத்தெடுத்து, ஆதார், சாதிச் சான்று, குடும்ப அட்டை, மனைப் பட்டா என்று ஒவ்வொரு அலுவலகமாக அவர்களோடு ஏறி இறங்குங்கள். அவசரத்துக்குக் கடன் கேட்கிற வாசல் முதலாளியுடையதாக இல்லாமல் சபையுடையதாக இருக்கட்டும். வட்டியில்லாத ஒரு சிறு நிதி போதும். நம் திருச்சபைகளிடம் நிலம் இருக்கிறது. அதில் நூற்றுக்கு ஒரு பங்கை வீடற்றவர்களின் மனைக்கு ஒதுக்கச் சொல்லி உங்கள் மறைமாவட்டத்துக்கும் பேராயத்துக்கும் தீர்மானம் அனுப்புங்கள்.

அடுத்த ஆண்டு இதே நாளில் என்னை மறுபடி கூப்பிட்டால், எத்தனை இடம் பார்த்தீர்கள் என்று கேட்க மாட்டேன். எத்தனை குடும்பத்துக்குப் பட்டா வாங்கிக் கொடுத்தீர்கள் என்றுதான் கேட்பேன்.